ஆயிரமாவது நார்மல்

என் மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். வைத்தது என் வீட்டுக்காரர். பஸ் ஓட்டிவிட்டு அலுத்துப்போய் வருகிற மனுஷன், செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள், டீச்சர் எந்தப் பக்கம் திரும்பித் தும்மினார் என்பது வரை கேட்டு முடித்திருப்பார். "இந்த ரேடியோவுக்கு ஸ்விட்ச் எங்கடி வச்ச?" என்று என்னைக் கேட்பார்.

ஏழு வயதில் அந்த ரேடியோ தானாகவே நின்றுபோனது.

முதலில் வயிற்றுப்போக்கு வந்தது. பிறகு வயிற்று வலி. அப்புறம் சோறு வேண்டாம், விளையாட்டு வேண்டாம், பேச்சும் வேண்டாம். நான் தையல்காரி, முன்னறையில் மிஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் யூனிஃபார்ம் தைக்கிறவள். என் பிள்ளையின் சட்டையைத் தோளில் பிடித்துத் தைத்தேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் பிடித்தேன். அதே மாதம் பாவாடையை இடுப்பில் பிரித்துவிட வேண்டியிருந்தது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. மேலே பிடித்துக் கீழே பிரித்து நான் யாருக்கும் தைத்ததில்லை. அன்றைக்கு மிஷின் மேலேயே தலையை வைத்து அழுதேன்.

தெருமுனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"காலைல என்னம்மா சாப்பிடறா?"

"ரொட்டி."

"மத்தியானம்?"

"ஸ்கூல்லயும் ரொட்டிதான் தராங்க."

"சாயங்காலம்?"

"பிஸ்கட். அதை விட்டா வேற ஒண்ணும் இறங்கறதில்ல டாக்டர்."

"சீலியாக்னு ஒரு நோய் இருக்கும்மா. சிலருக்குக் கோதுமை ஆகாது. உள்ள போனா குடலோட உள்தோலையே அழிச்சிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. அதுக்கு மாத்திரை கிடையாது, கோதுமையை அடியோட விட்டுடணும். ஆனா அதுதானான்னு உறுதியாத் தெரியணும். வேற ஏதாவது பெரிய வியாதியா இருந்து, நாம ரொட்டியை மட்டும் நிறுத்திட்டு உக்காந்திருக்கக் கூடாது பாருங்க. பெரிய ஆஸ்பத்திரில ரத்தம் பாக்கட்டும். முடிவு தெரியற வரைக்கும் ரொட்டியை நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டா ரத்தத்துல ஒண்ணுமே தெரியாம போயிடும்."

அதாவது, விஷமா இல்லையா என்று தெரிகிற வரைக்கும் விஷத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெற்ற வயிற்றுக்குத்தான் அந்த நியாயம் விளங்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாசலிலேயே ஒரு மின்சாரப் பலகை. 'இதுவரை நார்மல்' என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு எண் ஓடிக்கொண்டிருக்கும். யாருக்காவது பரிசோதனை முடிவு நார்மல் என்று வந்தால் கூடத்தில் மணி அடிப்பார்கள், எண் ஒன்று கூடும். வெள்ளை உடையில் ஒரு பெண் ஓடிவந்து, நார்மல் ஆனவர் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து இரண்டு தட்டுத் தட்டுவாள். நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த ஒரு கிழவர் நார்மல் ஆனார். பிஸ்கட்டை வாங்கவும் அவருக்குக் கையில் தெம்பில்லை. மருமகள்தான் வாங்கிக்கொண்டாள்.

ரத்தம் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஊசியைப் பார்த்ததும் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நழுவிவிட்டார். பிள்ளை அழவில்லை. முன்பெல்லாம் ஊசி என்றால் ஊரைக் கூட்டுவாள். அன்றைக்குக் கையை நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவு வந்தபோது, டெஸ்ட் எழுதிக் கொடுத்திருந்த குடல் டாக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"வாழ்த்துகள்! நெகட்டிவ். உங்க பொண்ணுக்கு ஒண்ணுமே இல்ல."

கூடத்தில் மணி அடித்தது. வெள்ளை உடைப் பெண் ஓடிவந்து ரேடியோவின் கையில் பிஸ்கட் பாக்கெட்டை வைத்தாள். கோதுமை பிஸ்கட்.

நான் காகிதத்தைப் பார்த்தேன். மேலே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு எண். அதற்குக் கீழே ஐ.ஜி.ஏ. என்று இன்னொரு வரி, அதில் எண்ணே இல்லை, 'அளவிட இயலாத அளவு குறைவு' என்று போட்டு ஒரு நட்சத்திரம். அடியில் அதே நட்சத்திரம் போட்டுப் பொடி எழுத்தில் ஒரு வாக்கியம்: 'மருத்துவரிடம் விளக்கம் பெறவும்.'

"டாக்டர், இந்த நட்சத்திரம் எதுக்கு?"

"அது லேப்காரங்க போடறதும்மா. நாங்க அதுல தலையிடறதில்ல."

"மருத்துவரிடம் விளக்கம் பெறவும்னு இருக்கே. நீங்கதானே மருத்துவர்?"

"நான் குடலுக்கு மருத்துவர். நட்சத்திரம் ரத்தத்துல இருக்கு."

லேப் கீழ்த்தளத்தில் இருந்தது. கண்ணாடித் தடுப்பு, அதில் பேசுவதற்கு ஒரு ஓட்டை. ஓட்டையை எந்த மகராசன் போட்டானோ, இடுப்பு உயரத்தில் போட்டிருந்தான். யாராக இருந்தாலும் கும்பிடுகிற மாதிரி குனிந்துதான் பேச வேண்டும். நான் குனிந்தேன். உள்ளே லேப் தலைவர் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்திருந்தார். மனுஷன் நல்லவர், விளக்கினார்.

"இந்த டெஸ்ட் ரத்தத்துல ஐ.ஜி.ஏ.ன்னு ஒரு வகைப் புரதத்தை எண்ணும்மா. கோதுமை ஆகாதவங்க உடம்பு கோதுமையோட சண்டை போட அந்தப் புரதத்தை உண்டாக்கும். நிறைய இருந்தா பாசிட்டிவ், இல்லாட்டி நெகட்டிவ்."

"என் பொண்ணுக்கு இல்லையா?"

"உங்க பொண்ணு உடம்பு அந்த வகைப் புரதத்தை உண்டாக்கறதே இல்ல. கோதுமைக்குன்னு இல்ல, எதுக்குமே. பிறவியிலேயே சிலர் அப்படி. அதுக்குத்தான் நட்சத்திரம்."

"அப்படின்னா, நோய் இருந்தாலும் இந்த டெஸ்ட்டுல தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப டெஸ்ட் தப்புதானே சார்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "டெஸ்ட் சரியா வேலை செஞ்சிருக்கு. உங்க பொண்ணுதான் ஒத்துழைக்கல."

குனிந்தபடியே நின்றேன். முதுகு வலித்தது. வேறு வழி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். இன்னொரு வகைப் புரதம் ஐ.ஜி.ஜி. என்று இருக்கிறது, அதை எண்ணுகிற டெஸ்ட் இவளுக்குச் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் குடல் டாக்டர் எழுதித் தர வேண்டும்.

மறுபடி மேலே ஏறினேன், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி இரண்டு மாடி ஏற முடிந்தது. மூச்சுக்கூட வாங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

குடல் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "முதல் டெஸ்ட் நெகட்டிவ் ஆனவங்களுக்கு ரெண்டாவது டெஸ்ட் எழுதக்கூடாதும்மா. விதி."

"பாசிட்டிவ் வந்திருந்தா?"

"பாசிட்டிவ் வந்திருந்தா ரெண்டாவது டெஸ்ட் தேவையே இல்லையே! நேரா குடலுக்குள்ள காமிரா விட்டு, துளி சதை எடுத்துப் பாத்துடுவோம்."

"அப்ப ரெண்டாவது டெஸ்ட் யாருக்குத்தான் பண்ணுவீங்க?"

"அது ரொம்ப அருமையான டெஸ்ட். மேல்நாட்டு மிஷின். இதுவரைக்கும் யாருக்கும் பண்ணவேண்டிய அவசியமே வரல." சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

நான் என்ன செய்தேன் என்று இன்றைக்கு எனக்கே தெளிவாக நினைவில்லை. கூடத்துக்கு நடுவில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "ஐயோ, என் பிள்ளை போயிடும் போலிருக்கே" என்று வாய்விட்டுக் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. எல்லோரும் ஓடிவந்தார்கள். பிள்ளையைப் பார்க்க இல்லை, சத்தத்தைப் பார்க்க. அந்த ஆஸ்பத்திரியில் அமைதி காக்கும் பிரிவு என்று ஒன்று தனியாக இருக்கிறது. அதன் அதிகாரி வந்து, என்ன கொடுத்தால் இந்த அம்மா வாயை மூடும் என்று குடல் டாக்டரைக் கேட்டார். இப்படியாக அந்த மேல்நாட்டு மிஷினுக்கு முதல் வேலை கிடைத்தது.

அந்த முடிவு வருகிற வரைக்கும் ரொட்டி ஊட்டினேன். காலையில் தட்டை எடுத்தாலே அவள் என் முகத்தைப் பார்ப்பாள். "இதைச் சாப்பிட்டா வலிக்குதும்மா" என்பாள். "டெஸ்ட்டுக்காகக் கண்ணு, கொஞ்ச நாள்தான்" என்பேன். முதலில் அடம் பிடித்தாள், துப்பினாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். நான் ஊட்ட ஊட்ட வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள். அடம் பிடித்தபோதாவது என்னால் கோபப்பட முடிந்தது. இப்போது கொல்லைப்புறம் போய் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழத்தான் முடிந்தது.

இரண்டாவது முடிவு வந்தது. பாசிட்டிவ். இருக்க வேண்டியதற்குப் பல மடங்கு மேலே. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிள்ளைக்கு நோய் என்றதும் சந்தோஷப்பட்ட தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஓடிப்போய்க் குடல் டாக்டரிடம் நீட்டினேன். அவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பேயைக் கண்ட மாதிரி வெளிறிப்போனார்.

"ஒண்ணு நெகட்டிவ், ஒண்ணு பாசிட்டிவ். இது பெரிய சிக்கலாச்சே."

"முதல் டெஸ்ட் இவளுக்கு வேலைக்கே ஆகாதுன்னு லேப் சாரே சொல்றாரு டாக்டர்!"

"அப்படியெல்லாம் நாமளா முடிவு பண்ணக்கூடாதும்மா. விளக்கக் குழுவுக்குப் போகணும்."

விளக்கக் குழு கூடுகிற அறையில் நீளமான மேஜை இருந்தது. நடுவில் தண்ணீர் பாட்டில்கள், ஒரு தட்டில் பிஸ்கட். தலைமை நாற்காலியில் இயக்குநர், ஒரு பக்கம் குடல் டாக்டர், மறு பக்கம் லேப் தலைவர், கடைசியில் கணக்கு அதிகாரி. ரத்தத்தைப் பற்றிய கூட்டத்தில் கணக்கு அதிகாரிக்கு என்ன வேலை என்று யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது, முடிவே அவர் கையில்தான் இருந்தது.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "நோயைக் கண்டுபிடிக்கறது எல்லா ஆஸ்பத்திரியும் செய்யற வேலை. நோய் இல்லைன்னு கண்டுபிடிக்கறதுக்குத்தான் நெஞ்சுல தைரியம் வேணும். இங்க வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் தாங்க நோயாளின்னு ஒரு தப்பான நம்பிக்கையோட வர்றாங்க. அந்த நம்பிக்கையை நாம உடைச்சு அனுப்பறோம். இங்கேருந்து போனவங்கள்ல சிலர் வீட்டுல போய் இறந்திருக்கலாம். ஆனா ஒருத்தர்கூட நார்மல் இல்லாம இறக்கல."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். குடல் டாக்டர் கொஞ்சம் பலமாகத் தட்டினார்.

"ஐயா, பிள்ளை நாளுக்கு நாள் கரையறா. காமிரா விட்டுப் பாத்துடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்" என்றேன்.

"காமிராவுக்குத் தெளிவான ரத்த முடிவு வேணும்மா. உங்க கிட்ட இருக்கறது குழப்பமான ரத்தம்." இயக்குநர் கணக்கு அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

கணக்கு அதிகாரி பேனாவைத் திறந்தார். "ஒரு முடிவு நார்மலுக்கு ரொம்பக் கீழ. இன்னொண்ணு நார்மலுக்கு ரொம்ப மேல. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா, சார்..." போட்டுப் பார்த்தார். "கச்சிதமா நார்மல்."

லேப் தலைவர் வாயைத் திறந்தார். திறந்ததை நான் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு பொருள், கூட்டவே முடியாது என்று அந்த மனுஷனுக்குத் தெரியும். இயக்குநர், "உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை?" என்று கேட்டதும், திறந்த வாயில் ஒரு பிஸ்கட்டைப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு சந்தோஷமான விஷயம்" என்றார் கணக்கு அதிகாரி. "வாசல் பலகைல நேத்தோட தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது. முதல் முடிவுக்கு இந்தக் குழந்தைய ஏத்தியிருந்தோம், சிக்கல் வந்ததும் இறக்கிட்டோம். இப்ப மறுபடியும் ஏத்தினா, குழந்தைதான் ஆயிரமாவது நார்மல்."

என் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரேடியோ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கைதட்டல் சத்தத்துக்குக்கூட அவள் விழிக்கவில்லை.

ஆயிரமாவது நார்மலுக்கு விழா எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். வரமாட்டேன் என்றேன். வந்து, பிள்ளை நார்மல் என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இயக்குநர் தனியாகப் பேசுவார், காமிராவுக்கு ஏதாவது வழி பண்ணுவார் என்று அமைதி காக்கும் அதிகாரி காதோடு சொன்னார். அந்த ஆசையில்தான் போனேன். கூடத்தில் மேடை போட்டிருந்தார்கள். என் பிள்ளையை மேடையில் நிறுத்தி, தலையில் 'நார்மல்' என்று எழுதிய காகிதக் கிரீடம் வைத்தார்கள். அது நழுவி நழுவிக் கண் வரைக்கும் இறங்கியது. முன்னால் அவள் உயரத்துக்கு ஒரு கேக். போட்டோக்காரர் "சிரி பாப்பா, சிரி" என்றார். சிரித்தால் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவாள் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்தாள். இயக்குநர் ஒரு பெரிய துண்டை வெட்டினார்.

"வேண்டாம் சார், அதுல கோதுமை..." என்று நான் முன்னால் ஓடுவதற்குள் ஊட்டிவிட்டார். அடுத்த துண்டை எடுத்தார். அதையும் ஊட்டினார். இத்தனை நாளாக என்னிடம் பழகிய பழக்கம், யார் ஊட்டினாலும் வாயைத் திறந்தாள்.

இயக்குநர் பேச ஆரம்பித்து இரண்டு வாக்கியம்கூட ஆகவில்லை. அவர் காலடியிலேயே வாந்தி எடுத்து, அப்படியே மடிந்து மேடையிலிருந்து கீழே விழுந்தாள்.

"சந்தோஷத்துல மயக்கம் வந்துடுச்சு" என்று இயக்குநர் மைக்கில் சொன்னார்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். வாந்தி வார்டில் சேர்க்க முடியாது என்றார்கள், நார்மல் என்று அறிவித்தவரை நோய்க்காகச் சேர்த்தால் பலகை எண் குறைந்துவிடுமாம். "படுபாவிங்களா, மேடையிலேருந்து விழுந்தாளே, அதுக்காவது சேத்துக்கோங்க!" என்று அலறினேன். விழுந்த கேஸுக்குத் தடை இல்லையாம். உயரத்திலிருந்து விழுவது நார்மலானவர்களும் செய்கிற காரியம்தானே.

விழுந்தவர்கள் வார்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது விழுந்ததுனால ஆனதில்லையே. எத்தனை நாளா இப்படி இருக்கா?"

ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து பிள்ளையைப் பார்த்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். தேம்பித் தேம்பி அழுதேன். அவர் என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "விழுந்த கேஸுக்கு உள்ள எங்க அடிபட்டிருக்குன்னு நான் எப்படி வேணா பாக்கலாம். யாரும் கேக்க முடியாது" என்றார். சலைன் ஏற்றித் தேற்றிய பிறகு குடலுக்குள் காமிராவை அனுப்பிப் பார்த்தார். வெளியே வந்து, "குடல் உள்பக்கம் வழவழன்னு இருக்கும்மா. சாப்பாட்டை உறிஞ்ச வேண்டிய நாரெல்லாம் தேஞ்சுபோச்சு. சதை எடுத்து அனுப்பியிருக்கேன்" என்றார்.

சதை முடிவை வாங்க இயக்குநர் அறைக்கே போகச் சொன்னார்கள். அவர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். சீலியாக் நோய்க்கு முற்றிலும் பொருந்துகிறது என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அடியில் பொடி எழுத்து: 'ரத்தப் பரிசோதனை முடிவோடு ஒப்பிட்டு விளக்கம் பெறவும்.'

"ரத்தத்துல உங்க பொண்ணு நார்மல்னு நாங்க அறிவிச்சிட்டோமே" என்றார் இயக்குநர், வருத்தத்தோடு. "ஒண்ணு செய்யலாம். இன்னும் ஒரு ஆறு வாரம் நல்லா ரொட்டி குடுங்க. மறுபடியும் ரத்தத்துலேருந்து ஆரம்பிப்போம்."

என் பையில் பிள்ளைக்குக் கொண்டுவந்த ரொட்டி இருந்தது. எடுத்து அவர் மேஜையில் வைத்துவிட்டு, சதை முடிவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இந்த ஆறு வாரத்தை நீங்க சாப்பிடுங்க சார். துப்பினா நான் வந்து ஊட்டி விடறேன்."

தெருமுனை டாக்டர் எல்லா முடிவுகளையும், இரண்டு நட்சத்திரத்தையும் படித்தார். "ரெண்டாவது ரத்தம் சொல்லிடுச்சு, குடலும் சொல்லிடுச்சு. இனிமே கோதுமை ஒரு துணுக்குகூடக் கூடாது" என்றார். பள்ளிக்கூடத்துக்கு அவரே எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே வீட்டிலிருந்த மாவு, பிஸ்கட், எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டார். போட்டுவிட்டு அங்கேயே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறினாள். பாவாடையை இடுப்பில் பிடித்தேன், சட்டையைத் தோளில் பிரித்துவிட்டேன். கன்னத்தில் சதை வைத்தது. ஒருநாள் மிஷின் சத்தத்துக்கு மேலே ஒரு குரல், அடுத்த வீட்டுப் பையன் எப்படிச் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தான் என்று முதலிலிருந்து கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தது. நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

போன வாரம் அவளை அழைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே துணி எடுக்கப் போனேன். முன் சீட்டில் உட்கார்ந்து ரேடியோ ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் சிக்னல். மின்சாரப் பலகைக்குப் பக்கத்தில் சுவர் உயரத்துக்கு ஒரு படம் வைத்திருந்தார்கள். கண் வரை இறங்கிய காகிதக் கிரீடம், ஒட்டிய கன்னம், தீக்குச்சிக் கை, முன்னால் கேக். அடியில் கொட்டை எழுத்தில் 'எங்கள் ஆயிரமாவது நார்மல்'. என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். நான் பிள்ளையை இந்தப் பக்கம் திருப்பப் பார்த்தேன். அதற்குள் அவள் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலில் மூக்கை அழுத்தியிருந்தாள்.

"யாரும்மா அந்தப் பொண்ணு?"

நான் அவள் கன்னத்தில் கை வைத்தேன்.

"பாவம்மா, அவளுக்கு உடம்பே சரியில்ல போலிருக்கு. ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கறாளே, யாராவது உள்ள கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டக்கூடாதா?"